மஞ்சளியைக் காணவில்லை

"என்ற ஊட்டுல ஆறு பேரைக் காணோம் அம்மிணி," என்றார் அப்பாஸ் ராவுத்தர்.

சூசையப்பன் நோட்டைத் திறந்து பேனா மூடியைப் பல்லால் கழற்றினான். "பேரு, வயசு, கடைசியா என்ன உடுத்தியிருந்தாக?"

"ரெண்டு பேர் ஆரஞ்சுல வெள்ளைப் பட்டை. மூணு பேர் நல்ல நீலம். ஒருத்தி மட்டும் தலையில இருந்து வால் வரைக்கும் மஞ்சள்."

பேனா நின்றது. சூசையப்பன் தன் முதலாளி ரஜீனாவைப் பார்த்தான். ரஜீனா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரோரம் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல வெளிச்சம், பாறைகள், குமிழிகள். ஒரே ஒரு சின்ன நீல மீன் மூலையில் ஒட்டிக்கொண்டு, வாடகை பாக்கி வைத்தவனைப் போல வெளியே வராமல் நின்றது.

"மேடம், இது மீனு," என்றான் சூசையப்பன் மெல்ல.

"தெரியும். எழுது."

நேற்று முழுவதும் ரஜீனா அலுவலகத்தில் உட்கார்ந்து கடல்மீன் வளர்ப்பவர்களின் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மீன் குழம்பு மேல் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, அவன் பக்கத்து ஹோட்டலில் சாப்பாட்டுக்குச் சொல்லியும் வைத்துவிட்டான். இப்போதுதான் விஷயம் விளங்கியது.

பாலக்காட்டில் ரஜீனாவின் துப்பறியும் நிறுவனத்துக்குப் படியளப்பது கல்யாண விசாரணைதான். மாப்பிள்ளை குடிக்கிறாரா, பெண்ணுக்கு வேறெங்காவது மனசு இருக்கிறதா, சொன்ன வேலையில்தான் இருக்கிறாரா என்று பார்த்துச் சொல்வது. மாப்பிள்ளை மீன் திருடுவாரா என்று கேட்டு ஒருவர் வந்தது இதுவே முதல் தடவை.

ராவுத்தர் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குச் சாய்மானம் இருப்பதே அவருக்குத் தெரியாது போலிருந்தது. கொல்லங்கோட்டில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை. அவர் கடையில் துணி அளந்தால் ஒரு விரற்கடை கூடத்தான் இருக்கும், குறைந்ததில்லை என்பது ஊரறிந்த சங்கதி. அப்படிப்பட்ட வீட்டில் வருகிற ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மகள் நஜ்லாவுக்கும், பொள்ளாச்சியில் அலங்கார மீன் கடை வைத்திருக்கும் ரியாஸுக்கும்.

"இன்னைக்கு வியாழன்," என்றார் ராவுத்தர். "நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் ஜமாஅத்துல எந்திரிச்சு, இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லப் போறேன். கள்ளனுக்குப் பொண்ணு குடுத்தவன்னு என்னை யாரும் சொல்லக் கூடாது. ஆனா ஒருத்தன் மேல பழி போடறதுக்கு முன்னால நல்லா விசாரிச்சுப் போடோணும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது."

"போலீசுக்குப் போகலீங்களா மாமா?" என்றாள் ரஜீனா.

"மீன் காணோம்னு ஸ்டேஷன்ல போயி பராதி குடுக்கறதா? நாளைக்கு ஊரே சிரிக்கும்."

வாசலைத் தாண்டிப் பத்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் 'மாமா' ஆகிவிட்டார். ரஜீனாவின் தொழிலில் அது பாதி வேலை.

ராவுத்தரின் மைத்துனர் ஜாகிர் இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். கையில் கைப்பேசி, கக்கத்தில் கைப்பை, முகத்தில் வக்கீல் களை.

"விசாரிக்க ஒண்ணுமில்லீங்க. எங்கிட்டத் தெளிவு இருக்குது. மூணு தெளிவு." பாலக்காட்டுப் பேச்சில் தெளிவு என்றால் ஆதாரம்.

"ஒவ்வொண்ணா விடுங்க, எழுதணும்," என்றான் சூசையப்பன்.

"ஒண்ணு. தொட்டித் தண்ணி மாத்த ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவந்தான் வர்றான். போறப்ப துண்டுல எதையோ சுத்தி எடுத்துட்டுப் போறான். நானே ஒரு தடவை துண்டைத் தூக்கிப் பாத்தேன். கழுத்தை அறுத்த பிளாஸ்டிக் பாட்டில். தண்ணியோட."

"மீன் இருந்துச்சா?"

"பாக்கறதுக்குள்ள புடுங்கிட்டானுங்க. ரெண்டாவது தெளிவு. நிச்சயம் முடிஞ்ச நாள்ல இருந்து, சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் போறப்ப கூடத்து வெளக்கை அணைச்சா, 'டக், டக்'னு ஒரு சத்தம். சன்னல் கண்ணாடியில காசை வெச்சுத் தட்டற மாதிரி. கூடத்துக்கு அந்தப் பக்கம் யாரோட ரூம் தெரியுங்களா?" ஜாகிர் குரலைத் தாழ்த்தினார். "நஜ்லா ரூமு. நிக்காஹுக்கு முன்னாலயே சிக்னல் குடுக்கறான்."

ராவுத்தர் மைத்துனனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மீன் போனதைவிட இதுதான் அவரைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது சூசையப்பனுக்குப் புரிந்தது. மகளின் பேரை மைத்துனன் வாயால் இப்படிக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"பொள்ளாச்சியில இருந்து முப்பது கிலோமீட்டர் வந்து ரெண்டு தட்டு தட்டிட்டுப் போறாரா?" என்றான் சூசையப்பன். "போன்ல ஒரு மிஸ்டு கால் விட்டா பெட்ரோல் மிச்சமாகுமே."

"மூணு," என்றார் ஜாகிர், அவனைப் பார்க்காமலே. கைப்பேசியை நீட்டினார். ரியாஸின் கடைப் படம். பின்னால் ஒரு சிறிய தொட்டியில் ஒரு மஞ்சள் மீன்.

"மஞ்சள் மீனுக எல்லாம் ஒரே மாதிரித்தானய்யா இருக்கும்?"

"முதுகுத் துடுப்பப் பாருப்பா. நடுவுல வெட்டு. எங்க மஞ்சளிக்கு வந்த நாள்ல இருந்தே அந்த வெட்டு இருக்குது. மச்சான் தெனமும் விடியக்காலம் ஃபஜ்ரு தொழுதுட்டு வந்து அவளைத்தான் மொதல்ல பாப்பாரு."

ரஜீனா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ரியாஸ் கிட்டக் கேட்டீங்களா?"

"போன வாரம் கேட்டேன்," என்றார் ராவுத்தர். "வாயத் தொறக்கல. தலையைக் குனிஞ்சுட்டு நின்னான். கள்ளன் வேற எப்படி நிப்பான்?"

"அவரை நாலு மணிக்கு வரச் சொல்லிருக்கேன்," என்றாள் ரஜீனா. "அதுக்குள்ள தொட்டியப் பாத்துடலாம். சன்னல் எல்லாம் அடைங்க. வெளக்கை அணைங்க. மாமி, நிச்சயத்துக்குப் பழத்தட்டு சுத்தி வந்த சிவப்புக் காகிதம் இருக்குதுங்களா? அந்தச் சரசரக்கற கண்ணாடிக் காகிதம்?"

ராவுத்தரின் மனைவி ஐசும்மா எதையும் தூக்கி எறியும் ஜாதியில்லை. மடித்து வைத்த சிவப்புக் காகிதம் அரை நிமிஷத்தில் வந்தது. ரஜீனா அதை டார்ச்சின் வாயில் சுற்றி ரப்பர் வளையம் போட்டாள்.

"பளிச்சுனு அடிச்சா உள்ள பூந்துக்கும். சிவப்புன்னா அத்தனை கூச்சப்படாது."

"யாரு மேடம் பூந்துக்கும்?"

"கூப்பிட்டது யாரைக் கண்டுபிடிக்க? அவந்தான்."

இருட்டில் ஐந்து பேர் சிவப்பு வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே தென்மலைப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து சன்னல் கதவைத் தட்டிவிட்டுப் போயிற்று. அதையும் ஜாகிர் தெளிவில் சேர்த்துவிடுவாரோ என்று சூசையப்பனுக்குப் பயமாக இருந்தது.

"இங்க பாரு," என்றாள் ரஜீனா கடைசியில்.

தொட்டி நடுவில் ஊதா படர்ந்த ஒரு பெரிய கல். அதன் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஒரு துளை. துளை வாசலில் வெள்ளையாக ஒரு சிறு குவியல்.

"மணலா?"

"நத்தை ஓடு. எல்லாம் மிளகு சைசுக்கு உடைஞ்சிருக்குது. தொட்டியில நத்தை எத்தனை விட்டீங்க மாமா?"

"பாசி தின்னறதுக்குன்னு பன்னெண்டு விட்டோம். இப்ப ஒண்ணையும் காணோம்." ராவுத்தர் குனிந்து பார்த்தார். "அதுகளும் கள்ளன் கொண்டு போனதுல சேத்தின்னு நெனச்சேன்."

"பொள்ளாச்சிக்காரர் திருடனா இருந்தா நத்தையை முழுசா எடுத்துட்டுப் போயிருப்பாரு," என்றான் சூசையப்பன். "இவன் இங்கயே உக்காந்து உடைச்சுத் தின்னுட்டு, வாசல்ல குப்பை கொட்டி வச்சிருக்கான். திருடன் இல்லய்யா, குடியிருக்கிறவன்."

ரஜீனா விளக்கைப் போடச் சொன்னாள். "இந்தக் கல்லு எப்ப வந்துச்சு?"

"அது சீர்க்கல்லு," என்றார் ஐசும்மா, ஒரு பெருமையுடன். "நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளை ஊட்டுல இருந்து இருபத்தோரு தட்டு வந்துச்சுங்க. பழம், அல்வா, கற்கண்டு, சேலை. கடைசித் தட்டுல இந்தக் கல்லு. கடல்ல வளந்ததாம், ஈரத் துணி சுத்தி, மேல மல்லிப்பூச் சரம் வெச்சு. இருநூறு சனத்துக்கு முன்னால உங்க மாமாவே தன் கையால எடுத்துத் தொட்டிக்குள்ள வெச்சாரு. எல்லாரும் அப்படிப் பாத்தாங்க!"

"சத்தம் கேக்க ஆரம்பிச்சது?"

"அதான் சொன்னாங்களே, நிச்சயத்தன்னைக்கு..." ஐசும்மா பாதியில் நிறுத்திக் கல்லைப் பார்த்தார்.

கம்பம்மெட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன் சூசையப்பன். அங்கே ஒரு சட்டம் உண்டு. வெளியிலிருந்து எந்த மூட்டை வந்தாலும், கொண்டு வந்தவன் முதலாளியின் சொந்த அண்ணனாக இருந்தாலும், முதலில் தனி அறையில் கொட்டிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதன் பிறகுதான் பெரிய குவியலில் சேர்ப்பார்கள். அந்த ஞாபகத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது.

"கல்லைக் கழுவலியா? தனியா எங்கயும் வச்சுப் பாக்கலியா?"

ஜாகிர்கூடக் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"சம்பந்தி ஊட்டுச் சீரைக் கழுவறதா?" என்றார் ஐசும்மா, காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல. "அவங்க முன்னாலயே? அவங்க குடுத்தது அழுக்குன்னு சொல்ற மாதிரி ஆகாதுங்களா? பக்கெட்டுல ஒரு பத்து நாளைக்கு..."

ராவுத்தர் இருமினார்.

ஐசும்மா பேச்சை விழுங்கிவிட்டு, "டீ போட்டுட்டு வர்றேன்," என்று சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

அது சளி இருமல் இல்லை. சூசையப்பனுக்குச் சளி இருமலும் தெரியும், வீட்டுக்காரியை நிறுத்துகிற இருமலும் தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. நோட்டில் 'இருமல்' என்று எழுதி அடிக்கோடு போட்டான்.

"மாமா, அந்தக் கல்லை வெளிய எடுக்கணும்," என்றாள் ரஜீனா.

"முடியாது." ராவுத்தர் எழுந்து நின்றார். "நிக்காஹ் முடியற வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். ரியாஸுக்கே அதுதான் உத்தரவு. வெச்ச சீரை எடுக்கறதுன்னா சம்பந்தத்தை முறிக்கறதுன்னு அர்த்தம்."

"நாளைக்கு அதைத்தானய்யா செய்யப் போறீக?" என்றான் சூசையப்பன்.

ராவுத்தர் அவனைப் பார்த்த பார்வையில் ஜவுளிக்கடையின் மூன்று தலைமுறையும் இருந்தது. பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பில்லாமல் உள்ளிருந்து நஜ்லா வந்துவிட்டாள். கையில் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட், மூடியோடு. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. தன் அறைச் சன்னலைப் பற்றிய பேச்சையும் சேர்த்து.

"சீரு எனக்கு வந்தது அத்தா. நான் எடுக்கறேன். எடுத்து மறுபடியும் அங்கயே வெச்சுடறேன்."

ரஜீனாவின் கண் பக்கெட்டின் மேல் நின்றது. புத்தம் புதுசு. விலைச் சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை. மூடியில் சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு துளை. அதன் வழியே மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று விட்டு டேப் ஒட்டியிருந்தது.

"சூசை, போயி ரெண்டு கோலி சோடா வாங்கிட்டு வா."

"தாகமா மேடம்?"

"எனக்கில்ல. உள்ள இருக்கறவனுக்கு."

அவன் திரும்பி வந்தபோது கல் பக்கெட்டுக்குள், தொட்டித் தண்ணீரிலேயே, துளை மேலே பார்க்க உட்கார்ந்திருந்தது. நஜ்லா முழங்கை வரை தடித்த கையுறை போட்டிருந்தாள். பிரியாணி தேக்சா இறக்க ஐசும்மா வைத்திருப்பது.

"விரலை யாரும் உள்ள விடாதீங்க. சோடாக் காத்து பட்டா தானா வெளிய வருவான்," என்றாள் ரஜீனா. சோடாவை ஒரு ஸ்ட்ராவில் எடுத்து, மேல்நுனியைக் கட்டைவிரலால் அடைத்து, கீழ்நுனியைத் துளைக்குள் விட்டு விரலை எடுத்தாள். குமிழி நுரைத்தது. இரண்டாவது ஸ்ட்ரா. மூன்றாவது.

"ஏலேய், உள்ள இருக்கவனே," என்று சூசையப்பன் பக்கெட்டுக்குள் குனிந்தான். "மரியாதையா வந்துரு. அடுத்தது பன்னீர் சோடா."

வந்தது. துளையிலிருந்து வில்லிலிருந்து விட்டது போல ஒன்று பாய்ந்து பக்கெட்டின் ஓரத்தில் மோதித் திரும்பியது. ஒரு விரல் நீளம். பச்சையும் சிவப்பும் நீலமுமாக, மணப்பெண் பட்டுச் சேலையில் சரிகை ஓடுவது போன்ற மினுக்கம். இறால் மாதிரி உடம்பு, கும்பிடுபூச்சி மாதிரி மடக்கி வைத்த இரண்டு கைகள், முட்டியில் சின்னச் சின்ன உருண்டைகள். தண்டின் மேல் நின்ற இரண்டு கண்கள் ஆளுக்கொரு பக்கம் சுழன்று, கூடத்திலிருந்த அத்தனை பேரையும் கணக்கெடுத்தன.

"இவன் பேரு மாண்டிஸ் இறால். கல்லுத் துளைக்குள்ள ஒளிஞ்சு வருவான்," என்றாள் ரஜீனா. "அந்த முட்டியால நத்தையைக் குத்தி உடைப்பான். மீன் பக்கத்துல வந்து தூங்கினா அதுக்கும் ஒண்ணு. ஆளு கட்டைவிரலைக்கூடக் கிழிச்சுடுவான்."

"இந்த நரம்பனா?" சூசையப்பன் மேசை மேலிருந்த ஓர் எவர்சில்வர் டம்ளரைத் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினான். இறால் ஒரு கணம் அதைப் பார்த்தது.

டக்!

டம்ளர் அவன் கையில் அதிர்ந்தது. அவன் எகிறிக் குதித்துப் பின்னால் போனான். சமையல்கட்டிலிருந்து ஐசும்மா ஓடி வந்தார்.

"இதேதாங்க! மஃரிப் நேரத்துல கேக்கற சத்தம், இதேதான்!"

ராவுத்தர் மகளைப் பார்த்தார். மகள் தகப்பனைப் பார்க்கவில்லை. ஜாகிர் எல்லோரையும் விட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்தார்.

"சிக்னல் குடுத்த மாப்பிள்ளை இவருதான்," என்று சூசையப்பன் டம்ளரைத் துடைத்துக்கொண்டான். "ஜாகிரண்ணே, உங்க ரெண்டாவது தெளிவு பக்கெட்டுல நீந்துது. எடுத்துக்கறீகளா?"

ஜாகிர் சுலபத்தில் விடுகிறவரில்லை. "சரிங்க. சத்தம் இதுதான். நத்தையத் தின்னதும் இதுதான். அஞ்சு மீனையும் தின்னுருக்கும், ஒத்துக்கறேன். மஞ்சளி?" கைப்பேசியை மறுபடி நீட்டினார். "இந்த இறாலு மஞ்சளியத் தின்னுட்டுப் பஸ் ஏறிப் பொள்ளாச்சியில கொண்டு போயித் துப்பிட்டு வந்துச்சுங்களா?"

சூசையப்பன் கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். படத்தில் அந்த வெட்டுத் துடுப்பு தெளிவாகத் தெரிந்தது. ஐந்து மீனைத் தின்றவன் எத்தனை கொடுமையான இறாலாக இருந்தாலும், ஒரு மீனை எடுத்துப் போன மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். திருடின மீன் ஒன்றானாலும் ஆறானாலும் ஜமாஅத்தில் அதற்கு ஒரே பேர்தான்.

வாசலில் பைக் நின்றது. ரியாஸ் உள்ளே வந்தான். மெலிந்த பையன், தோளில் துண்டு, கையில் ஒரு தெர்மகோல் பெட்டி. பக்கெட்டையும், அதற்குள் இருந்த கல்லையும், பக்கத்தில் நின்ற நஜ்லாவையும் பார்த்தான். முகம் வெளுத்தது.

"பெட்டியத் தொறப்பா," என்றார் ராவுத்தர்.

ரியாஸ் தயங்கிவிட்டுத் திறந்தான். தண்ணீர் நிரப்பிய பையில், ஒரு பக்கம் லேசான வடுவோடு, முதுகுத் துடுப்பில் வெட்டோடு, மஞ்சளி வாலை ஆட்டியது.

"பாத்தீங்களா!" என்றார் ஜாகிர்.

"நீ எடுத்தியா?" ராவுத்தரின் குரல் உடைந்தது. அது கோபம் இல்லை என்பது சூசையப்பனுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த மனுஷர், தான் நினைத்தது தப்பாக இருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"நாந்தானுங்க மாமா எடுத்தேன்."

"ஏன்?"

ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். வாயைத் திறக்கவில்லை.

"கழுத்து அறுத்த பாட்டிலை எதுக்குக் கொண்டு வருவீங்க?" என்று ரஜீனா குறுக்கே வந்தாள். அவன் பேசாததால் அவளே சொன்னாள். "பாட்டில் தலையை வெட்டி, திருப்பிச் சொருகி, உள்ள ஒரு துண்டு மீன் வெச்சா அது பொறி. உள்ள போனது வெளிய வர முடியாது. நேத்து வீடியோவுல பத்து தடவை பாத்தேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் இவரு பொறி வெச்சிருக்காரு. இவன் ஏமாறல. போன வாரம் மஞ்சளிக்கு அடி பட்டிருக்குது. இங்க விட்டா செத்துப் போகும்னு எடுத்துட்டுப் போயி வைத்தியம் பாத்திருக்காரு. சரிதானுங்களா?"

ரியாஸ் மெல்லத் தலையசைத்தான்.

"அப்ப அதைச் சொல்றதுக்கென்னய்யா?" என்றான் சூசையப்பன். "கள்ளன்னு பேர் வாங்கறதுக்கு இது எவ்வளவோ தேவலாமே!"

"சொல்ல முடியாது," என்றாள் ரஜீனா. "சொன்னா அடுத்த கேள்வி வரும். பூச்சி எப்படி வந்துச்சு? கல்லுல வந்துச்சு. தொழில் தெரிஞ்சவரு, கல்லைத் தனியா வெச்சுப் பாக்கச் சொல்லாம குடுப்பாரா?" அவள் பக்கெட்டின் விலைச் சீட்டை விரலால் தட்டினாள். "புதுப் பக்கெட்டு. மூடியில காத்துக்குழாய். துணி நனைக்க வாங்கினதில்ல இது. நிச்சயத்துக்கு முன்னாலயே நஜ்லா வாங்கி வெச்சிருக்கு. பத்து நாள் கல்லு இதுல இருந்திருக்கணும். யாரோ வேண்டாம்னு சொல்லியிருக்காங்க."

யார் என்று அவள் சொல்லவில்லை. சூசையப்பன் தன் நோட்டில் அடிக்கோடு போட்ட சொல்லைப் பார்த்தான். சொல்லலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டான்.

ராவுத்தர் தொட்டியைப் பார்த்தார், கல் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். எதிரே தலை குனிந்து நின்ற பையனைப் பார்த்தார். இவன் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். அந்த வாக்கியத்தில் மாமனார் பேர் வரும் என்பதற்காகக் கள்ளன் பேரைச் சுமந்துகொண்டு இன்றைக்கும் இந்தப் படியேறி வந்திருக்கிறான்.

ராவுத்தர் தொப்பியை எடுத்து, தலையைத் தடவி, மறுபடி நேராக வைத்துக்கொண்டார்.

"ஜாகிரு, சம்பந்திக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல."

"எதுக்குங்க மச்சான், நாளைக்குப் பேசிக்கலாம்..."

"போடுன்னு சொன்னேன்."

மணி அடித்தது. மறுமுனையில் சம்பந்தியின் சலாம் கேட்டது. ராவுத்தர் பதில் சலாம் சொல்லிவிட்டு, ஜமாஅத்தில் எழுந்து நிற்பது போலவே நின்று பேசினார்.

"சம்பந்தி, என்ற ஊட்டு மீனுகளைத் தின்ன கள்ளன் அகப்பட்டுட்டான். அவனை ஊட்டுக்குள்ள உட்டது நானு. கல்லைப் பத்து நாள் தனியா வைக்கோணும்னு உங்க பையன் சொல்லி உட்டான். பொண்ணும் சொல்லுச்சு. சம்பந்தி ஊட்டுச் சீரைக் கொல்லைப்புறத்துல பக்கெட்டுல போட்டா நாலு பேர் என்ன நெனப்பாங்கன்னு நாந்தான் கேக்கல. தப்பு என்றது. உங்க பையன் மேல பழி போட்டேன். அதுக்கு மாப்புக் கேக்கறேன். நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் இதையே சொல்றேன்."

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது.

"அதெல்லாம் எதுக்குங்க சம்பந்தி... ஞாயித்துக்கெழமைக்கு உங்க பக்கம் எத்தனை பேருன்னு சொல்லுங்க. ஆட்டுக்குச் சொல்லோணும்."

ஐசும்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினார். இந்தத் தடவை நிஜமாகவே டீ போடத்தான். நஜ்லா மஞ்சளிப் பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். உடனே திறந்துவிடக் கூடாது, சூடு ஒன்றுபோல் ஆகட்டும் என்று ரியாஸ் சொல்ல, அவள் தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறங்குலம் இடைவெளி. ஜாகிர் அதை அளந்துகொண்டுதான் இருந்தார்.

சூசையப்பன் பக்கெட்டிலிருந்த கல்லை நஜ்லா எடுத்துக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டு, பக்கெட்டைத் தூக்கினான். "இவனை என்னய்யா செய்ய? கோழிக்குப் போட்டுரவா? இல்ல, சாக்கடையில விடவா?"

"வையி கீழ." ராவுத்தர் அதிர்ந்து போனார். "சம்பந்தி ஊட்டுல இருந்து வந்ததுப்பா அது. இருபத்தோராம் தட்டு. சீரை யாராச்சும் சாக்கடையில விடுவாங்களா?"

"அய்யா, அஞ்சு கொலை பண்ணினவன்."

"அதுக்கு?" ராவுத்தர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தனியா ஒரு தொட்டி போட முடியுமா?"

"போடலாமுங்க மாமா. ஆனா சன்னக் கண்ணாடி வேண்டாங்க. குத்தி உடைச்சாலும் உடைப்பான். அக்ரிலிக்ல போட்டுடறேன்."

"போடு. நிக்காஹ் அன்னைக்கு இங்க, வாசலைப் பாத்த மாதிரி இருக்கோணும். அதுவரைக்கும்..." அவர் பக்கெட்டின் விலைச் சீட்டைப் பார்த்தார். "அதுவரைக்கும் பக்கெட்டுல இருக்கட்டும். கொல்லைப்புறத்துல."

பக்கெட்டிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது.

சூசையப்பன் அதை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தான். கதவருகே நின்று திரும்பினான்.

"மேடம், அறிக்கையில குற்றவாளி பேரு என்னன்னு எழுதட்டும்?"

ரஜீனா டார்ச்சிலிருந்து சிவப்புக் காகிதத்தைக் கழற்றி, நான்காக மடித்து, ஐசும்மாவுக்காகத் தனியாக எடுத்து வைத்தாள்.

"மாப்பிள்ளை வீட்டு ஆளுன்னு எழுது."